மெரின்யோவின் மாமியார் மலையேறினாள்

மலையேற்றம் தொடங்கும் மச்சாமே வாசலில் மூட்டைகளை எடைபோடும் கொக்கியில் அரிசிச் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மெரின்யோவின் காதில் அந்தக் குரல் விழுந்தது.

"இந்த வண்டியை ஓட்டினது யாருப்பா? ரோட்டுல ஒரு குழியைக்கூட மிச்சம் வைக்காம கூட்டிட்டு வந்துட்டியே!"

கிளிமஞ்சாரோவில் பதினான்கு வருடமாகச் சமையல் வேலை பார்க்கிறவன் மெரின்யோ. பனி, சரிவு, மூச்சுமுட்டல் எதற்கும் அசையாதவன். அந்தக் குரலைக் கேட்டதும் அரிசிச் சாக்குக்குப் பின்னால் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"என்ன அண்ணே, எதையாவது கீழ போட்டுட்டீங்களா?" என்று கேட்டான் கிலேயோ. மலையேற வரும் விருந்தாளிகளுக்கான கழிப்பறைப் பெட்டியை மலை முழுக்கச் சுமப்பது அவன் வேலை. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

"சத்தம் போடாதடா. என் மாமியார்."

கிலேயோ எட்டிப் பார்த்தான். வேனிலிருந்து மூன்று பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூவரும் லுத்தரன் திருச்சபையின் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். நடுவில் வந்தவள் ஐக்கருவா. வாடகைக்கு எடுத்த மழைச்சட்டைக்குக் கீழே பூப்போட்ட துணி சுற்றி, அதற்குக் கீழே ஆண்கள் போடும் பெரிய பூட்ஸ் மாட்டியிருந்தாள். மோஷி சந்தையில் வாழைத்தார் மொத்த வியாபாரம். அங்கே மூன்று வரிசைக்கு அப்பால் நிற்கிற லாரிக்காரனைக்கூட அவள் நின்ற இடத்திலிருந்தே கூப்பிடுவாள்.

"அவங்க எதுக்கு அண்ணே இங்க?"

"அதான் எனக்கும் தெரியல. ஆனா நான் செத்தேன்."

செத்தேன் என்று அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பெரியப்பா சித்தப்பாமார் வாழைப்பழச் சாராயப் பானைகளைச் சுமந்து வர, ஐக்கருவாவின் மகள் மங்காவைப் பெண் கேட்டு அந்த வீட்டுக்குப் போனான். "தம்பி, மலையில உங்களுக்கு என்ன வேலை?" என்று ஐக்கருவா கேட்டாள். "சமையல்" என்றான். பெண் வீட்டுப் பக்கம் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அந்தச் சிரிப்பு மெரின்யோவுக்குச் சுருக்கென்று தைத்தது. "சமையல்னா சும்மா சமையல் இல்ல. உச்சி வரைக்கும் போய், அங்க வச்சு விருந்தாளிகளுக்கு டீ போட்டுக் குடுக்கிறதே நான்தான்" என்று ஒரு போடு போட்டான். மூக்கால் சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார். மங்கா கிடைத்தாள்.

உண்மை என்னவென்றால், சமையற்காரர்களும் சுமை தூக்குகிறவர்களும் உச்சிக்குக் கீழே கடைசியாக இருக்கும் பராஃபு முகாமோடு நின்றுவிடுவார்கள். அதற்கு மேல் வழிகாட்டியும் விருந்தாளியும் மட்டும்தான். இருநூறு தடவைக்கு மேல் பராஃபு வரை போயிருக்கும் மெரின்யோ அதைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்து வைத்ததில்லை. மற்றவர்கள் மேலே திணறிக்கொண்டிருக்கும் நேரம்தான் அவன் நிம்மதியாகக் கால் நீட்டித் தூங்குகிற நேரம். ஆனால் மாமியார் வீட்டில் மட்டும் அந்த டீ வருடத்துக்கு வருடம் ருசி கூடிக்கொண்டே போனது.

"மாப்பிள்ளை!"

சாக்குக்கு மேலே அவள் முகம் முளைத்தது. மெரின்யோ எழுந்து அசடு வழிந்தான்.

"அத்தை... நீங்க எங்க இங்க?"

"எங்க குழுவுல பொம்பளைங்க சேர்ந்து மலையேறப் போறோம்னு மங்காகிட்டகூட நான் மூச்சு விடல. உங்க ஆளுங்களோடதான் வரணும்னு பிடிவாதமா நின்னு வந்திருக்கேன். அறுபத்தொரு வயசாச்சு. பொறந்ததுலேர்ந்து இந்த மலையை அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம். உச்சியில உக்காந்து உங்க கையால ஒரு டீ குடிச்சுட்டா போதும், நான் நிம்மதியா இறங்கிடுவேன்."

கிலேயோ சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த பெட்டி ஆடியது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் மீதியைச் சிரித்தான்.

தலைமை வழிகாட்டி உரியோ பழைய ஆள், அதிகம் பேச மாட்டார். அன்று காட்டு வழியில் மெரின்யோ அவரைத் தனியாகப் பிடித்தான்.

"அண்ணே, இந்த வயசுல எத்தனை பேர் உச்சிக்குப் போறாங்க?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன். பாதியில திரும்பிட்டா மரியாதையா இருக்குமேன்னு."

"யாருக்கு மரியாதையா?" என்று கேட்டுவிட்டு உரியோ நடையைக் கட்டினார்.

மெரின்யோவின் நம்பிக்கை முழுக்க மலையின் மேல்தான் இருந்தது. எத்தனையோ வாட்டசாட்டமான இளைஞர்களை மலை திருப்பி அனுப்பியதை அவன் பார்த்திருக்கிறான். தலைவலி வரும், வாந்தி வரும், பசி போய்விடும். அத்தைக்கு மட்டும் வராமலா இருக்கும்? அவளுக்குக் கெடுதல் எதுவும் அவன் நினைக்கவில்லை. லேசாக ஒரு தலைவலி வந்தால் போதும், கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான்.

அத்தைக்கு எதுவும் வரவில்லை. முதல் நாள் அவள் மெதுவாக நடந்தாள், ஏனென்றால் வழியில் எதிர்ப்பட்ட சுமைக்காரர்கள் எல்லோரிடமும் நின்று பேசினாள். பாதிப் பேரின் அம்மாக்களை அவளுக்குத் தெரியும். "நீ ஷாயோ வீட்டுப் பையன்தானே? உங்கம்மா எனக்கு இன்னும் ஒரு கூடை திருப்பித் தரணும், சொல்லு" என்று ஒருவனை விரட்டினாள். அப்படி நின்று நின்று நடந்ததே அவளுக்கு மலையேற்றத்தின் சரியான வேகமாக அமைந்துவிட்டது.

இரண்டாம் நாள் மாலை ஷிரா முகாமில் உரியோ வழக்கம்போல விரலில் மாட்டும் கருவியை எடுத்து, இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று பார்த்தார். கூட வந்த ருத்துக்கு எண்பத்திரண்டு. யூனிஸுக்கு எண்பத்தைந்து. ஐக்கருவாவுக்குத் தொண்ணூறு.

"நூத்துக்கா?" என்று கேட்டாள் ஐக்கருவா.

"ஆமாம்மா."

"பள்ளிக்கூடத்துல நான் இவ்வளவு வாங்கியிருந்தா எங்கப்பா ஆடு அடிச்சிருப்பார்." ருத் பக்கம் திரும்பி, "கவலைப்படாத, நாளைக்கு நல்லாப் படி" என்றாள்.

பிறகு சமையல் கூடாரத்துக்குள் நுழைந்தாள். விருந்தாளிகள் அங்கே வரக் கூடாது என்பது விதி. அதை அவளிடம் சொல்ல ஆளில்லை. மெரின்யோ அன்று வாழைக்காயும் மாட்டிறைச்சியும் சேர்த்துக் கொழகொழவென்று கஞ்சி காய்ச்சியிருந்தான். அவள் ஒரு கரண்டி எடுத்து ருசித்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாழைக்காய் யாருகிட்ட வாங்கினீங்க?"

"சந்தையிலதான் அத்தை..."

"என்கிட்ட வாங்கலையே. ருசியிலயே தெரியுது." ஆனால் இரண்டு கிண்ணம் குடித்தாள்.

மூன்றாம் நாள் எரிமலைக் கோபுரப் பாறையடியில் மலை தன் வேலையைக் காட்டியது. ஆனால் ருத்திடம் காட்டியது. அவளுக்குத் தலை சுற்றி நிற்க முடியாமல் போனதால், துணை வழிகாட்டி அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். ஐக்கருவா அவள் நெற்றியில் கை வைத்து ஜெபம் செய்து, அவள் பையிலிருந்த சாக்லேட்டை எடுத்துக்கொண்டு, வழியனுப்பி வைத்தாள்.

நான்காம் நாள் பரங்கோ சுவர். செங்குத்தான பாறையில் கையும் காலும் வைத்து ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பாறையை மார்போடு கட்டிக்கொண்டு, முகத்தை ஒட்டி வைத்து, பக்கவாட்டில் நகர்ந்தால்தான் தாண்ட முடியும்.

"நல்லா இறுக்கிக் கட்டிப் பிடிங்கம்மா" என்றார் உரியோ.

"என் புருஷன் உயிரோட இருந்தப்போ அவரையே நான் இப்படிக் கட்டிப் பிடிச்சதில்ல" என்று பாறையில் கன்னத்தை வைத்தபடியே சொன்னாள் ஐக்கருவா. "அவரும் இவ்வளவு திடமா நின்னதில்ல."

அப்போது மெரின்யோ முதுகில் கேஸ் உருளையும் ஒரு கையில் முப்பது முட்டை அடுக்கிய அட்டையுமாக வந்து, இன்னொரு கையால் மட்டும் பாறையைத் தடவிக்கொண்டு, வீட்டுப் படியைத் தாண்டுவதுபோல அந்த இடத்தைத் தாண்டிப் போனான். ஐக்கருவா வாயைப் பிளந்து பார்த்தாள்.

"பாத்தியா! அதான் என் மாப்பிள்ளை" என்று யூனிஸிடம் கத்தினாள். "இப்படிப் போறவர் உச்சிக்கு எப்படிப் போவார்னு யோசிச்சுப் பாரு!"

அதைக் கேட்டபோதுதான் மெரின்யோவின் கால் முதல்முறையாகத் தடுமாறியது. இரண்டு முட்டை போயிற்று.

ஐந்தாம் நாள் பராஃபு. கல்லும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத இடம். தண்ணீர்கூடக் கீழ் முகாமிலிருந்து தலையில் சுமந்து வந்தால்தான் உண்டு. யூனிஸ் தன் கூடாரத்துக்குள் போய், "ஆண்டவரால என்னை இங்கயே நல்லாப் பாக்க முடியும்" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஐக்கருவா ஒருத்திதான். வயதானவளை நடுராத்திரிக் குளிரில் ஏற்ற வேண்டாம், விடியக்காலை நான்கு மணிக்குக் கிளம்பலாம் என்று உரியோ முடிவு செய்தார்.

"மாப்பிள்ளை, கெட்டிலை மறந்துடாதீங்க" என்றாள் அவள்.

மெரின்யோ உரியோவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஆயிரம் கும்பிடு இருந்தது. ஒரு வார்த்தை, 'சமையல்காரன் கீழே இருக்கணும்' என்று ஒரே ஒரு வார்த்தை, அவர் சொன்னால் போதும். உரியோ தாடியைச் சொறிந்தார்.

"துணை வழிகாட்டியும் இறங்கிட்டான். கூட ஒரு ஆள் இருந்தா எனக்கும் நல்லதுதான்" என்றார். "அதுவுமில்லாம, இவரில்லாம மேல டீ யார் போடுறது?"

அவர் சிரித்து மெரின்யோ பார்த்தது அன்றைக்குத்தான்.

அவனிடம் மேலே போகிற துணிமணியே இல்லை. கிலேயோ தன் கம்பளிக் கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். இன்னொருவன் கையுறை கொடுத்தான், இரண்டும் இடக்கைக்கு. "அண்ணே, உச்சியில எங்களையும் நினைச்சுக்கோங்க" என்று கிலேயோ பரிதாபமாகச் சொன்னதில் கேலி எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முதல் ஒரு மணி நேரம் மெரின்யோ சமாளித்தான். இரண்டாவது மணியில் முதுகிலிருந்த அடுப்பும் கெட்டிலும் தண்ணீர்க் குடுவையும் சேர்ந்து ஒரு கன்றுக்குட்டி கனம் கனத்தன. இரண்டடிக்கு ஒருமுறை நின்றான். முன்னால் உரியோ, நடுவில் அத்தை, கடைசியில் அவன்.

"ஏன் மாப்பிள்ளை அங்கங்க நின்னுட்டீங்க?"

"வானத்தைப் பாக்கிறேன் அத்தை. காத்து எப்படி வீசுதுன்னு."

"அதையெல்லாம் உரியோ பாத்துக்குவார். நீங்க வாங்க."

மவென்சி சிகரத்துக்குப் பின்னால் சூரியன் எழும்பி, சரளைச் சரிவெல்லாம் செம்பழுப்பாக மாறியது. ஒரு படி ஏறினால் அரைப் படி சறுக்கியது. மெரின்யோவின் தலைக்குள் யாரோ உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாறையடியில் மடங்கி உட்கார்ந்து, காலையில் குடித்த கஞ்சியை மலைக்கே திருப்பிக் கொடுத்தான். உரியோ வந்து அவன் கண்ணைப் பார்த்தார், விரலில் கருவியை மாட்டினார், நேராக நடக்கச் சொன்னார், பெயரைக் கேட்டார். "பயப்பட ஒண்ணுமில்ல. புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

ஐக்கருவா மெல்லத் திரும்பினாள். "புதுசா வர்றவங்களா?"

உரியோ தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டார்.

"மாப்பிள்ளை, நீங்க இதுக்கு முன்னாடி எத்தனை தடவை மேல போயிருக்கீங்க?"

இன்னொரு பொய் சொல்லலாம்தான். ஆனால் பொய் சொல்லவும் மூச்சு வேண்டியிருந்தது.

"ஒரு தடவைகூட இல்ல அத்தை."

"டீ?"

"பராஃபுலதான். கூடாரத்துக்குள்ள."

ஐக்கருவா கைத்தடி இரண்டையும் சரளையில் ஊன்றினாள். பன்னிரண்டு வருடமாக 'நீங்க' என்றும் 'மாப்பிள்ளை' என்றும் ஒரு நாள்கூடத் தவறாமல் கொடுத்து வந்த மரியாதை அந்த இடத்தில் முடிந்தது.

"ஏன்டா டேய்!"

மெரின்யோ எழுந்துவிட்டான். உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்கிற திட்டு இல்லை அது.

"மோஷி சந்தையில ஒருத்தி பாக்கியில்லாம எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்டா! என் மாப்பிள்ளை உச்சியில டீ போடுறவர்னு! போதகர் பிரசங்கத்துலயே சொல்லிட்டார், உழைப்புக்கு உதாரணம்னு! நீ இங்க போர்த்திக்கிட்டுத் தூங்கிட்டு வந்திருக்க!"

அவன் அவளைத் தாண்டி மேலே நகர்ந்தான். இறங்குகிற வழியில் அவள் நின்றாள். திட்டிலிருந்து தப்பிக்க இருந்த ஒரே திசை மேலேதான். அவள் விடவில்லை, பின்னாலேயே ஏறினாள்.

"நில்லுடா! போன கிறிஸ்துமஸுக்கு என்ன சொன்ன? டீ கொதிச்சதும் ஆவி உறைஞ்சு பனியா விழுந்துச்சுன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் அத்தை."

"நானும் அதை நம்பி மூணு பேருக்கு விளக்கம் வேற சொன்னேன்டா!"

அவன் வேகத்தைக் கூட்டினான். அவளும் கூட்டினாள். வழியில் ஓய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டுக் கூட்டம் இவர்கள் கடந்து போவதை வாய்பிளந்து பார்த்தது. மூச்சை வீணாக்காதீர்கள் என்று ஒவ்வொரு விருந்தாளியிடமும் ஓயாமல் சொல்கிற உரியோ, அன்று வாயைத் திறக்கவில்லை. இருபது வருடத்தில் அந்தச் சரிவில் இப்படி ஒரு வேகத்தை அவர் பார்த்ததில்லை, அதைக் கெடுக்க அவருக்கு மனசில்லை. மெரின்யோவின் பெரியப்பாமார், மங்காவின் கண்ணுக்கு அன்று என்ன கேடு வந்தது, சாராயப் பானையில் ஒன்று ஒழுகியது என எல்லாம் அவள் திட்டில் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது, திடீரென்று ஏறுவதற்கு மேடு இல்லாமல் போனது. எரிமலை வாயின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள்.

ஐக்கருவா ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றாள். எதிரே பனிச்சுவர்கள் நீலமும் வெள்ளையுமாக வெயிலில் நின்றன.

"வந்துட்டோமா?"

"இன்னும் ஒரு மணி நேர நடை. ஏத்தம் அதிகமில்ல" என்றார் உரியோ.

கொஞ்ச தூரம் போனதும் மெரின்யோவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் தாங்கினானா, அவள் தாங்கினாளா என்று பின்னால் வந்த உரியோவுக்கே தெரியவில்லை.

உச்சியில் பெயர்ப்பலகை ஒன்று நின்றது. ஐக்கருவா அதைத் தொட்டுவிட்டு, தன் வீடு இருக்கும் தெற்குப் பக்கம் போய் நின்று பார்த்தாள். கீழே மேகம் மட்டும்தான் இருந்தது. அறுபத்தொரு வருடம் அந்த மேகத்துக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தவள் இப்போது குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெரின்யோ பார்ப்பது தெரிந்ததும், "காத்து" என்றாள்.

பிறகு, "அடுப்பை எடு" என்றாள்.

"அத்தை, இந்தக் காத்துல..."

"எடுடா."

பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது என்று உரியோ எச்சரித்தார். அடுப்பு பற்றவில்லை. மெரின்யோ இரண்டு இடக்கை உறைகளையும் கழற்றி வீசிவிட்டு, உருளையைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினான். ஐக்கருவா தன் பூப்போட்ட துணியை விரித்து ஒரு பக்கம் மறைத்தாள், உரியோ மறுபக்கம் குந்தினார். இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் என்ன ஏதென்று கேட்காமலேயே வந்து மூன்றாம் பக்கத்தை அடைத்தார்கள். ஒன்பதாவது குச்சியில் நீலச் சுடர் எழுந்தது. தண்ணீர் கொதித்தது, ஆனால் அந்த உயரத்தில் தண்ணீர் முழுசாகச் சூடேறாமலேயே கொதித்துவிடும். தேயிலை போட்டுப் பால்பொடி கலந்தான். கரைந்தும் கரையாமலும் மேலே மிதந்தது.

ஐக்கருவா முதல் வாய் குடித்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"இதுவா டீ?" என்றாள். "கழுநீர் தோத்துடும்."

ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து. அவங்களுக்கும் குடு, பாவம், முழிச்சுட்டு நிக்கிறாங்க."

இறங்குவது சரளைச் சறுக்கலில் வேகமாகவே முடிந்தது. கிலேயோ கூடாரத்துக்கு வெளியே அரைக்கால்சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றிருந்தான். தன் கம்பளிக் கால்சட்டையைத் திருப்பி வாங்கி மாட்டிக்கொண்ட பிறகுதான் வாழ்த்துச் சொன்னான். அன்று மாலையே கீழே முவேகா முகாமுக்குப் போய்விட்டார்கள். அங்கே கைபேசிக்கு அலைவரிசை கிடைக்கும். ஐக்கருவா ஒரு கல்லில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள். மெரின்யோ வெங்காயம் நறுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இன்றோடு மானம் போயிற்று என்று நினைத்தான்.

அவள் இருபத்தைந்து நிமிடம் பேசினாள். தொண்ணூறு மதிப்பெண் வந்தது. பரங்கோ சுவர் வந்தது. பனிச்சுவர் வந்தது. உரியோ இரண்டு தடவை வந்தார். ருத், யூனிஸ், அந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். மெரின்யோ மட்டும் வரவே இல்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அந்த மலையில் அப்படி ஒரு ஆள் இருந்த சுவடே தெரியவில்லை.

முதலில் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றெரிச்சலாக மாறியது. அவள் பேசி முடிக்கும் வரைகூடப் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, நானும் உச்சிக்கு வந்தேன்ல? அதைச் சொல்லலையே!"

அவள் கைபேசியைக் கையால் மூடிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் கதையை நீயே சொல்லிக்கோ. உனக்குத்தான் நல்லா வருமே."

மறுநாள் காட்டுக்குள் கடைசி இறக்கம். மழை பெய்து படிகளெல்லாம் சேறாகியிருந்தது. முதல் ஒரு மணியிலேயே ஐக்கருவாவின் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. ஏறும்போது ஒரு முனகல்கூட இல்லாதவள், ஒவ்வொரு படிக்கும் ஆண்டவரைக் கூப்பிட்டாள். தூக்குபடுக்கை கொண்டுவரலாமா என்று உரியோ கேட்டதற்கு, "சாமான் மாதிரி நான் வீட்டுக்குப் போக மாட்டேன்" என்றுவிட்டாள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்னோக்கி இறங்கினால் முழங்கால் வலிக்கவில்லை. ஆனால் போகும் வழி தெரியாது. அதனால் மெரின்யோ தன் சுமையைக் கிலேயோவின் பெட்டிக்கு மேலே ஏற்றிவிட்டு, அவளுக்கு எதிரே நின்று, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"இடது காலை வைங்க. அங்க வேர் இருக்கு. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங்."

"மெரின்யோ, கையை விட்டுடாத."

"விடல அத்தை. இப்போ வலது கால்."

கல்யாண வீட்டில் ஆடத் தெரியாத இருவர் ஆடுவதுபோல அவர்கள் இறங்கினார்கள். கடந்து போன சுமைக்காரர்கள் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். அவர்களில் ஷாயோ வீட்டுப் பையனும் இருந்தான். சேற்றில் பின்னோக்கிப் போய்க்கொண்டே ஐக்கருவா அவனைப் பார்த்து, சிரிக்கிற பல்லை முதலில் விளக்கிவிட்டு வரச் சொன்னாள்.